தலைதட்டாத வாளி: அமெரிக்க வயல்களில் லத்தீனப் பெண்களின் கூலிக் கணக்கு

நெல் அளக்கும்போது மரக்காலைத் தலைதட்டி அளப்பது ஒன்று, கோபுரம் போலக் குவித்து அளப்பது இன்னொன்று. கூலி நெல் கொடுக்கும்போது தலைதட்டுவார்கள். குத்தகை நெல் வாங்கும்போது குவித்து வாங்குவார்கள். களத்துமேட்டில் நின்று பழகிய நம் பாட்டிமாருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதே கணக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தக்காளித் தோட்டங்களில் பிளாஸ்டிக் வாளி வடிவில் நடந்தது. வாளி ஒன்றுக்கு 32 பவுண்டு, நம் கணக்கில் பதினான்கரை கிலோ. அந்த வாளிக்குத்தான் கூலி. ஆனால் வாளியின் விளிம்போடு தக்காளி நின்றால் மேஸ்திரி ஏற்க மாட்டார். மேலே குவிந்து நிற்க வேண்டும். குவிந்து நிற்கும் அந்தத் தக்காளிக்குக் காசு கிடையாது. பத்து வாளி பறித்தால் ஒன்பது வாளிக்குத்தான் கூலி என்று தொழிலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். இந்தச் சின்ன மோசடி எப்படி நின்றது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்வதற்கு முன், அங்கே வேலை பார்க்கும் பெண்களின் கூலி ஏன் அவ்வளவு கீழே கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சல்வடார், ஹோண்டுராஸ் போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களையும், அவர்களின் வழித்தோன்றல்களாக அமெரிக்காவிலேயே பிறந்தவர்களையும் லத்தீனோ என்கிறார்கள். பெண் என்றால் லத்தீனா. அமெரிக்காவின் பழத்தைப் பறிப்பவர்கள், கோழியை வெட்டுபவர்கள், ஓட்டல் அறையைத் துடைப்பவர்கள், பணக்கார வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள், முதியவரைக் குளிப்பாட்டுபவர்கள் என்று எடுத்துக்கொண்டால் அதில் பெரும்பங்கு இவர்கள்.

அங்கே ஆண்டுதோறும் 'லத்தீனாக்களின் சம ஊதிய நாள்' என்று ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்கள். கொண்டாட்டமான நாள் இல்லை அது. ஒரு வெள்ளையின ஆண் ஜனவரி முதல் டிசம்பர் வரை உழைத்துச் சம்பாதித்த தொகையைச் சம்பாதிக்க ஒரு லத்தீனப் பெண் அடுத்த ஆண்டு எந்தத் தேதி வரை உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டு வைத்த நாள். 2024இல் அது அக்டோபர் 3. அவர் 12 மாதத்தில் ஈட்டுவதை இவர் ஈட்ட ஏறக்குறைய 21 மாதம் பிடிக்கிறது. ஆண்டு முழுக்க முழுநேரம் வேலை பார்ப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், வெள்ளையின ஆணின் ஒரு டாலருக்கு லத்தீனப் பெண்ணுக்கு 58 சென்ட். பகுதிநேரம், பருவகால வேலை பார்ப்பவர்களையும் சேர்த்தால் அந்த ஆண்டுக் கணக்கில் 51 சென்ட், அதாவது கிட்டத்தட்ட பாதி. தோட்ட வேலையும் வீட்டு வேலையும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும் என்பதால், 58ஐ விட 51தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது நம் கருத்து.

படித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் அங்கேயும் உண்டு. பட்டம் பெற்ற லத்தீனப் பெண்ணும் அதே பட்டம் பெற்ற வெள்ளையின ஆணைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார். படிக்கும் பிள்ளைகள் இதைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டாம், படிப்பு கூலியை உயர்த்தத்தான் செய்கிறது. ஆனால் இடைவெளியை அதுவே மூடிவிடுவதில்லை.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1963இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. அதிபர் ஜான் கென்னடி கையெழுத்திட்டார். ஒரே நிறுவனத்தில், ஒரே அளவு திறமையும் உழைப்பும் பொறுப்பும் தேவைப்படும் வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் தர வேண்டும் என்கிறது அது. மறு ஆண்டே, 1964இல், இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு கூடாது என்று குடியுரிமைச் சட்டமும் வந்தது. அறுபது ஆண்டு ஆகியும் 51 சென்ட் என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டையைத் தேடினால் 1930களுக்குப் போக வேண்டியிருக்கிறது. தொழிற்சங்கம் சேரும் உரிமையை 1935ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. குறைந்தபட்சக் கூலியையும் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலியையும் 1938ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அமெரிக்கத் தொழிலாளி இன்றும் நன்றியோடு நினைக்கும் சட்டங்கள் இவை. இரண்டிலும் இரண்டு பிரிவினர் விடுபட்டார்கள்: விவசாயக் கூலிகள், வீட்டு வேலையாட்கள். அன்று தெற்கு மாநிலங்களில் இந்த இரண்டு வேலைகளையும் பெரும்பாலும் செய்தவர்கள் கறுப்பின மக்கள். தெற்கத்தி நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆதரவு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்ற நிலையில் அவர்களுக்குக் கொடுத்த விலை இது. சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் ஓரிடத்திலும் வராது. தேவைப்படவும் இல்லை. வேலையின் பெயரைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஊரில் எந்த வேலை யாருடையது என்று சொல்லாமலே தெரியும் தெருக்களில் வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

பிற்காலத்தில் அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1966இல் விவசாயத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கும், 1974இல் வீட்டு வேலையாட்களில் பலருக்கும் குறைந்தபட்சக் கூலி கிடைத்தது. ஆனால் மத்தியச் சட்டப்படி விவசாயத் தொழிலாளிக்குக் கூடுதல் நேரக் கூலி இன்றுவரை கிடையாது. தொழிற்சங்க உரிமையும் கிடையாது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தாமாக முன்வந்து கொடுத்தால் உண்டு. கறுப்பினத் தொழிலாளர்கள் நகரங்களுக்குப் போகப் போக, அவர்கள் விட்ட இடத்தில் லத்தீன் அமெரிக்கர்கள் வந்து நின்றார்கள். ஆள் மாறினாலும் சட்டத்தின் ஓட்டை மாறவில்லை.

1964 சட்டமும் குறைந்தது 15 பேர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். ஒரு வீட்டில் ஒரே ஒரு ஆயா வேலை பார்க்கிறார் என்றால் அந்தச் சட்டம் அவர் வீட்டு வாசற்படி ஏறாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சம ஊதியச் சட்டம் 'ஒரே வேலை'யை ஒப்பிடச் சொல்கிறது. தக்காளி பறிக்கும் பெண்ணை யாரோடு ஒப்பிடுவது? பக்கத்து வரிசையில் பறிக்கும் ஆணோடு. அவருக்கும் அதே வாளிக்கு அதே சில்லறைதான். சட்டப்படி பாகுபாடு இல்லை, வழக்கும் இல்லை. பெண்கள், அதிலும் இடம்பெயர்ந்து வந்த பெண்கள், அதிகம் இருக்கும் வேலைகளுக்கெல்லாம் அடிமட்டக் கூலி என்று நிர்ணயித்துவிட்டால், அதற்குள் சமமாகப் பங்கிட்டு என்ன பயன்? 58 சென்ட் என்ற எண் தக்காளிக்காரிக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கும் இடையிலான தூரத்தை அளக்கிறது. அந்தத் தூரத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு 1963ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய மனுவின் நகலைக் கேட்டு எழுதியது. இங்குள்ள தீண்டப்படாத மக்களும் அதுபோல் செய்ய நினைக்கிறார்கள் என்று அதில் தெரிவித்தார். அங்கே நடப்பதை நாம் கவனிக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அவர் தலைமையிலான குழு வரைந்த அரசமைப்பின் 39ஆவது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் கடமையாக எழுதியது. அமெரிக்காவின் சம ஊதியச் சட்டத்துக்கு 13 ஆண்டு முந்தியது இது. அந்தக் கடமை நாற்று நடும் வயல்வரை எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பதைக் கூலி வாங்கும் அம்மாக்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நண்டு உடைக்கும் கொட்டகை

வாளிக்கு ஆண் பெண் தெரியாது, ஆனால் விசாவுக்குத் தெரிகிறது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மேரிலாந்து மாநிலம். செசபீக் விரிகுடாவின் நீல நண்டு அங்கே பெயர் பெற்றது. வேகவைத்த நண்டின் ஓட்டைச் சின்னக் கத்தியால் உடைத்துச் சதையை எடுத்து டப்பாவில் போடும் வேலையை ஒரு காலத்தில் அந்தப் பகுதிக் கறுப்பினப் பெண்கள் செய்தார்கள். அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போன பிறகு, 1980களின் கடைசியிலிருந்து மெக்சிகோ கிராமங்களிலிருந்து பெண்களைப் பருவகால விசாவில் கொண்டுவருகிறார்கள். கூலி, எடுத்த சதையின் பவுண்டுக் கணக்கில். விரலைக் கத்தி கிழிக்கும், ஓடு குத்தும். நண்டுத் தண்ணீர் பட்டால் காயம் ஆறாது. நண்டை இறக்குவது, வேகவைப்பது போன்ற வேலைகளில் ஆண்களை வைத்து மணிக்கணக்கில் கூலி தருகிறார்கள் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இது கொட்டகைக்குள் இருக்கும் வித்தியாசம். கொட்டகைக்கு வெளியே, எல்லைக்கும் அப்பால், வேறொரு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்கா உடலுழைப்புக்காகத் தரும் தற்காலிக விசாக்களில் முக்கியமானவை இரண்டு. விவசாயத்துக்கு எச்-2ஏ, விவசாயம் அல்லாத வேலைக்கு எச்-2பி. எச்-2ஏ விசாவில் வருபவருக்கு முதலாளி இலவசமாகத் தங்குமிடம் தர வேண்டும், கூலிக்கும் தனியாக ஒரு குறைந்தபட்ச விகிதம் உண்டு. எச்-2பி விசாவில் அந்தத் தங்குமிடக் கடமை இல்லை. முதலாளியே வீட்டைக் கொடுத்து வாடகையைக் கூலியில் பிடித்துக்கொள்வது சாதாரணம். எந்த விசா கிடைக்கும் என்பதை மெக்சிகோவில் ஆள் எடுக்கும் தரகர் முடிவு செய்கிறார். தோட்ட வேலைக்கு ஆண்களையே கேட்கிறார்கள் என்று சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார். எச்-2ஏ விசாவில் போகும் பெண்கள் மிகச் சிலரே. வாங்கிய பெண்ணும் நண்டுக் கொட்டகை, சாக்லேட் ஆலை, ஓட்டல் என்று எச்-2பி பக்கம் தள்ளப்படுகிறார். இரண்டு விசாவுக்கும் பொதுவான ஒரு விஷயம், ஒரே முதலாளியோடு கட்டிப் போடப்பட்டிருப்பது. பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்துக்கு எளிதில் மாற முடியாது, பெரும்பாலும் ஊருக்குத்தான் போக வேண்டும்.

2021 மார்ச்சில் இந்த விஷயத்தை வைத்தே இடம்பெயர்ந்த தொழிலாளர் பெண்கள் ஒரு புகார் கொடுத்தார்கள். அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் செய்துகொண்ட புதிய வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமைக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் கீழ், விசா தருவதிலேயே பெண் என்று பாகுபாடு காட்டப்படுகிறது, அமெரிக்கா தன் சட்டத்தைத் தானே செயல்படுத்தவில்லை என்று மெக்சிகோ அரசிடம் முறையிட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்றது, இடம்பெயர்ந்தோருக்கான 'சென்ட்ரோ தே லோஸ் தெரெச்சோஸ் தெல் மிக்ராந்தே' என்ற சட்ட உதவி அமைப்பு. வல்லரசு நாட்டின் மீது, கிராமத்துக் கூலிப் பெண்கள், வர்த்தக ஒப்பந்தத்தின் பெயரில் புகார். வக்கீல்களுக்கு மட்டுமே புரியும் காகிதங்களை இப்படியும் பயன்படுத்தலாம் என்பது நமக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

பேசினால் வேலை போகும். காகிதம் இல்லாதவர் பேசினால் நாடே போகும்

அமெரிக்காவில் பயிர்த் தொழில் செய்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேருக்கு உரிய குடியேற்றக் காகிதங்கள் இல்லை. காகிதம் இல்லாதவருக்கும் செய்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று சட்டம் சொல்கிறது. கேட்கப் போனால் குடியேற்றத் துறைக்குப் போன் போகுமோ என்ற பயம் அதைச் சொல்லவிடாது. 2002இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்தப் பயத்துக்கு முத்திரையே குத்தியது. சங்கம் சேர்க்க உதவியதற்காக ஒரு தொழிலாளியை நிறுவனம் வெளியேற்றியது. அது சட்டவிரோதம்தான், ஆனால் அவரிடம் காகிதம் இல்லாததால் இழந்த சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 2025இல் கலிபோர்னியாவின் பண்ணைகளுக்குள்ளேயே குடியேற்றத் துறையினர் புகுந்து ஆட்களைப் பிடித்தபோது, வேலைக்குப் போவதற்கே பயந்து தொழிலாளர்கள் வீட்டில் இருந்த செய்திகள் வந்தன. அந்த நிலையில் யார் போய்க் கூலி உயர்வு கேட்பது?

பெண்ணுக்கு இதன் மேல் இன்னொரு பாரம். 2010இல் அமெரிக்காவின் 'சதர்ன் பாவர்ட்டி லா சென்டர்' என்ற அமைப்பு உணவுத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் 150 பெண்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. கூலி குறைப்பு, மருந்து தெளித்த வயலில் வேலை என்று பலவற்றையும் சொன்ன அந்தப் பெண்கள், மேஸ்திரிகளின் பாலியல் தொல்லையை வேலையின் ஒரு பகுதி போலவே சொன்னார்கள். இணங்காவிட்டால் வேலை நேரம் குறையும், பழம் இல்லாத வரிசை கிடைக்கும், மறுநாள் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். இதைத் தனி விஷயமாகவும் கூலியைத் தனி விஷயமாகவும் பிரித்துப் பேசுகிறோம். அனுபவிக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணவன், மனைவி இருவர் வேலைக்கும் சேர்த்துக் கணவன் பெயரில் ஒரே காசோலை போடும் வழக்கமும் தோட்டங்களில் இருந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பெண் வேலை பார்த்ததற்கே சான்று இல்லை. முதுமைக்கால ஓய்வூதியக் கணக்கிலும் அவர் பெயர் ஏறாது.

2017இல் ஹாலிவுட் நடிகைகள் தங்களுக்கு நேர்ந்ததை வெளியில் சொல்லத் தொடங்கியபோது, ஏழு லட்சம் விவசாயத் தொழிலாளிப் பெண்களின் சார்பில் 'அலியான்சா நசியோனல் தே காம்பெசினாஸ்' என்ற அமைப்பு அவர்களுக்கு ஆதரவுக் கடிதம் எழுதியது. எங்களுக்கும் இதுதான் நடக்கிறது, உங்களை நம்புகிறோம் என்று. நடிகைகளுக்குக் கூலிப் பெண்கள் ஆறுதல் சொன்ன அந்தக் கடிதம் டைம் இதழில் வெளியானது. உலகமே கவனித்தது. கூலிப் பெண்களின் கதையை முதலில் அவர்களே எழுதியிருந்தால் டைம் இதழ் அச்சிட்டிருக்குமா என்ற கேள்வி நமக்கு எழாமல் இல்லை.

ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட்

இனி வாளிக்கு வருவோம்.

தெற்கு புளோரிடாவில் இம்மோக்கலி ஒரு சிறிய ஊர். விடியுமுன் வாகன நிறுத்தத் திடலில் தொழிலாளர்கள் வந்து நிற்பார்கள், மேஸ்திரிகள் ஆள் பொறுக்குவார்கள். தோட்டத்துக்குப் போனதும் பனி உலரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை. ஒரு வாளிக்குச் சுமார் 40, 45 சென்ட். 50 டாலர் சம்பாதிக்க ஒருவர் ஒரே நாளில் 125 வாளி, அதாவது இரண்டு டன் தக்காளி பறித்துத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கூலி நகரவே இல்லை.

1993இல் இங்கே தேவாலய அறை ஒன்றில் கூடத் தொடங்கிய தொழிலாளர்கள் 'இம்மோக்கலி தொழிலாளர் கூட்டணி'யை உருவாக்கினார்கள். முதலில் வழக்கம்போலத் தோட்ட முதலாளிகளிடம் கேட்டார்கள். வேலைநிறுத்தம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. பெரிதாக ஒன்றும் நகரவில்லை. பிறகு அவர்கள் யோசித்தது வேறு விதமாக. தோட்ட முதலாளியின் கழுத்தைப் பிடித்திருப்பது யார்? மலைபோலத் தக்காளி வாங்கி, விலையைக் குறை குறை என்று நெருக்கும் துரித உணவு நிறுவனங்களும் பேரங்காடிகளும். அங்கிருந்துதான் கூலி நசுக்கப்படுகிறது. அப்படியானால் கேட்க வேண்டியதும் அங்கேதான்.

2001இல் டாகோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கோரிக்கை மிகச் சிறியது: ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு, அதைத் தொழிலாளிக்குச் சேர். 32 பவுண்டு வாளிக்கு 32 சென்ட் என்றால் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாங்குபவருக்குக் கைக்குக் கூடத் தெரியாத தொகை. மாணவர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பல கல்லூரி வளாகங்களிலிருந்து டாகோ பெல் கடைகளை வெளியேற்ற வைத்தார்கள். 2003இல் தொழிலாளர்களும் மாணவர்களும் கலிபோர்னியாவில் அந்த நிறுவனத்தின் தலைமையகத்தின் முன் பத்து நாள் பட்டினி கிடந்தார்கள். 2005 மார்ச்சில் நிறுவனம் இறங்கி வந்தது. 2007இல் மெக்டொனால்ட்ஸ், 2008இல் பர்கர் கிங், 2014இல் வால்மார்ட். வென்டீஸ் நிறுவனம் மட்டும் பிடிவாதமாகச் சேரவில்லை. அதன் மீது 2016இல் புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டது.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சீசர் சாவேஸோடு சேர்ந்து அதை நடத்தியவர் டோலோரஸ் ஹுவர்ட்டா. நாடு முழுக்கத் திராட்சையை வாங்காதீர்கள் என்று மக்களைத் திரட்டினார்கள். 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. மற்றத் தொழிற்சங்கங்கள் மூன்றாம் நிறுவனத்தின் மீது இப்படிப் புறக்கணிப்பு நடத்தச் சட்டம் தடை போட்டிருந்தது. விவசாயத் தொழிலாளர்களைத்தான் அந்தச் சட்டம் உள்ளேயே சேர்க்கவில்லையே! வெளியே தள்ளியதால் தடையும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. தள்ளி வைத்த இடத்தையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள்.

2010இல் புளோரிடாவின் தக்காளி உற்பத்தியாளர் சங்கமும் கையெழுத்திட்டது. 'நியாய உணவுத் திட்டம்' என்று அதற்குப் பெயர். வாங்கும் நிறுவனம் தரும் கூடுதல் சென்ட், சம்பளச் சீட்டில் தனி வரியாக வருகிறது. இனி வாளியைக் குவிக்க வேண்டாம், விளிம்போடு போதும், தலைதட்டித்தான் அளவு. வயலுக்கு வந்த நிமிடத்திலிருந்து நேரம் பதிவாகிறது, பனி உலரக் காத்திருந்தாலும் அது வேலை நேரம்தான். நிழலும் தண்ணீரும் வயலிலேயே இருக்க வேண்டும். மேஸ்திரி பாலியல் வன்முறை செய்தது உறுதியானால் அவரை வேலையை விட்டு நீக்க வேண்டும், நீக்காத தோட்டத்தின் தக்காளியைக் கையெழுத்திட்ட நிறுவனம் எதுவும் வாங்கக் கூடாது. புகார் சொல்ல இரவு பகலாகத் தொலைபேசி எண் உண்டு. எடுத்து விசாரிப்பவர்கள் முதலாளியின் ஆட்கள் அல்ல, அதற்கென்றே இருக்கும் தனி அமைப்பு.

இதில் நம்மை யோசிக்க வைத்தது, 'பெண்களுக்கான சம ஊதியம்' என்ற சொல்லே அந்த ஒப்பந்தத்தின் தலைப்பில் இல்லை என்பதுதான். ஆனால் பெண்ணின் கூலியைத் தின்ற ஒவ்வொன்றும் அதில் வந்துவிட்டது. குவியல், காத்திருப்பு, மேஸ்திரியின் கை, புகார் சொன்னால் பழிவாங்கல். மேலிருந்து கீழே பார்த்து எழுதிய சட்டம் தவறவிட்டதை, வாளி தூக்கியவர்கள் எழுதிய விதிமுறை தவறவிடவில்லை.

மற்ற இடங்களிலும் இந்தத் திசையில்தான் காற்று வீசுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் சுமார் 45,000 பேர் துணி தைக்கிறார்கள், பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க, ஆசியப் பெண்கள். திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான அதே 'பீஸ் ரேட்' அங்கும். காலர் தைத்தால் சில சென்ட், ஜிப் வைத்தால் சில சென்ட். 2022இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அந்தப் பகுதியில் ஆய்வு செய்தபோது ஓர் ஒப்பந்தக்காரர் மணிக்கு 1 டாலர் 58 சென்ட் கொடுத்தது தெரியவந்தது. நாட்டின் குறைந்தபட்சக் கூலியே 7 டாலர் 25 சென்ட், அதுவும் 2009க்குப் பிறகு உயராதது. தையல் தொழிலாளிகள் போராடி 2021இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தையலில் பீஸ் ரேட்டுக்குத் தடை, மணிக்கூலிதான். ஒப்பந்தக்காரர் ஏமாற்றினால் அந்தத் துணியில் தன் பெயரை ஒட்டி விற்கும் பிராண்டும் பொறுப்பு. வீட்டுத் தொழிலாளர்களுக்கு 2010இல் நியூயார்க் மாநிலம் முதன்முதலாக உரிமைச் சட்டம் இயற்றியது. வேலை விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போட வேண்டும் என்று 2021இலிருந்து கொலராடோவும், பிறகு கலிபோர்னியாவும் சொல்கின்றன. முந்தைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைச் சில மாநிலங்கள் தடுத்துவிட்டன. பழைய வேலையில் ஏமாற்றப்பட்டவள் புதிய வேலையிலும் அதே கணக்கில் ஏமாற வேண்டாம் என்பது அதன் நோக்கம். பேறுகால விடுப்பில் மட்டும் அமெரிக்கா இன்னும் பின்னால் நிற்கிறது. நாடு முழுமைக்கும் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு அங்கே இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 12 வாரமும் சம்பளமில்லாத விடுப்பு, அதுவும் குறைந்தது 50 பேர் வேலை பார்க்கும் இடங்களில்தான்.

இந்தப் பாதை நம் ஊர்ப்பக்கமும் வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும், அங்கிருந்து துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. உலகம் அதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அழைக்கிறது. பாலியல் வன்முறை, சாதிப் பாகுபாடு இரண்டும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், வாங்கும் நிறுவனம் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இம்மோக்கலியில் தக்காளிக்கு வைத்த அதே பூட்டு இங்கே சட்டைக்கு.

ஆலைத் தளத்தில் கண்காணிப்பவர்களாகத் தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்றார்கள். இம்மோக்கலியிலும் தோட்டம் தோட்டமாகப் போய் உரிமைகளைச் சொல்லித் தருபவர்கள் முன்பு அதே வாளியைத் தூக்கியவர்கள்தான். வேலை நேரத்திலேயே, அந்த நேரத்துக்கும் கூலியோடு, வயலோரத்தில் கூட்டம் போடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் பேசுகிறார்கள், ஹைட்டியிலிருந்து வந்தவர்களுக்குக் கிரியோலில். சம்பளச் சீட்டை விரித்து, கூடுதல் சென்ட் எந்த வரியில் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.